நகல் எத்தனை நொடி பின்னால்?

வேலூரிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் உள்ள விரிஞ்சிபுரம், மதிலழகுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் ஒரு மணிகாட்டிக் கல் இருக்கிறது. கல்லில் அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்தான் அப்போதைய மணி. அதைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலான நாட்களில் கல் பின்தங்கியே காட்டும்.

காரணம் எளிது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விரிஞ்சிபுரம் ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்பதால், மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம். ஆனால் மொத்த வித்தியாசம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமானது, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் இன்னும் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. ஆகவே பிப்ரவரியில் பார்ப்பவருக்குக் கல் 28 நிமிடம் பின்னால் நிற்கும், நவம்பரில் பார்ப்பவருக்கு 2 நிமிடம் முன்னால் நிற்கும். முதலாமவர் கல் கெட்டுவிட்டது என்பார், இரண்டாமவர் கல் துல்லியமானது என்பார். ஆண்டு முழுக்க அளந்து வரைந்து பார்த்தவருக்கு மட்டுமே, எந்த வித்தியாசம் இயல்பு, எது கோளாறு என்று தெரியும்.

வங்கி, மருத்துவமனை, பங்குச்சந்தை, ரேஷன் கடை என எல்லா இடத்திலும் இன்று இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே அளக்க வேண்டியது தரவுத்தள நகலின் தாமதத்தை.

நாள்வழியும் பேரேடும்

முக்கியமான எந்தத் தரவுத்தளமும் ஒரே கணினியில் மட்டும் இருப்பதில்லை. எழுத்து வேலை நடக்கும் சர்வர் முதன்மை. அதைப் பின்தொடர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நகல். முதன்மை படுத்துவிட்டால் நகல் பொறுப்பை ஏற்கும். மற்ற நேரங்களில் அறிக்கை எடுப்பது, இருப்புப் பார்ப்பது போன்ற வேலைகளை நகல் பார்த்துக்கொள்ளும்.

நகல் எப்படிப் பின்தொடர்கிறது? பழைய தோல் மண்டிக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்த வரவு செலவை நடந்த வரிசையில் முதலில் நாள்வழியில் எழுதுவார். பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பெயரில் ஏற்றுவார். தரவுத்தளமும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக் எனப்படும் நாள்வழியில் எழுதப்படும், பிறகுதான் உண்மையான அட்டவணைகளுக்குப் போகும். மின்சாரம் நின்று கணினி அணைந்தாலும், நாள்வழியை மீண்டும் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். வெளியூரில் ஒரு நகல் வேண்டுமென்றால் நாள்வழிப் பக்கங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பினால் போதும். அங்கே இருப்பவர் தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டே வருவார்.

இதில் இரண்டு தாமதங்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதன்மையில் எழுதியாயிற்று, ஆனால் நகலுக்கு இன்னும் வந்து சேராத பக்கங்கள் ஒரு வகை. வந்து சேர்ந்துவிட்டன, ஆனால் பேரேட்டில் இன்னும் ஏறாத பக்கங்கள் இன்னொரு வகை. முதன்மை இந்த நொடியில் எரிந்துபோனால் முதல் வகை நிரந்தர இழப்பு. இரண்டாம் வகையில் இழப்பு இல்லை, காத்திருப்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் இவற்றை அனுப்ப வேண்டிய வரிசை, ஏற்ற வேண்டிய வரிசை என்று தனித்தனியே காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இன்னும் நுணுக்கமாக, அனுப்பியது, நகல் எழுதியது, வட்டில் பதிந்தது, ஏற்றி முடித்தது என்று நான்கு புள்ளிகளைத் தருகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணாகத் திரட்டி 'லேக் இவ்வளவு' என்று திரையில் போட்டால், பணம் போகுமா நேரம் போகுமா என்பதே தெரியாமல் போய்விடும்.

ஒளியின் வேகம் வைக்கும் வரம்பு

நகல் வாங்கிக்கொண்டது என்று உறுதி வந்த பிறகே வாடிக்கையாளருக்கு 'முடிந்தது' என்று சொன்னால் இழப்பே இருக்காதே? இருக்காதுதான். அதற்கு ஒத்திசைவு முறை என்று பெயர். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிநொடி ஆகும். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். ஒன்று முடிந்த பின்பே அடுத்தது என்று வரிசையாக எழுதும் வேலையில், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிநொடி காத்திருந்தால் நொடிக்கு 100 பதிவுக்கு மேல் ஓடாது. பங்குச்சந்தையில் ஆர்டர்களின் வரிசையை மைக்ரோநொடிகள் தீர்மானிக்கின்றன. அங்கே இந்த முறை செல்லாது.

அதனால் பெரிய நிறுவனங்கள் இரண்டு நகல் வைக்கின்றன. ஒன்று அதே ஊரில், சில கிலோமீட்டர் தொலைவில், ஒத்திசைவாக. மற்றொன்று தொலைதூரத்தில், முதன்மை காத்திருக்காத முறையில். நிலநடுக்கமோ வெள்ளமோ இரண்டு ஊரையும் ஒருசேரத் தாக்காது என்பது கணக்கு. தேசியப் பங்குச்சந்தையான என்.எஸ்.இ.யின் அமைப்பும் இதுதான். முதன்மை மையமும் அருகமை மையமும் மும்பையில், தொலைதூர மீட்பு மையம் சென்னையில்.

2021 பிப்ரவரி 24

அன்று காலை 11.40 மணிக்கு என்.எஸ்.இ. வணிகத்தை நிறுத்தியது. மும்பையில் இரு மையங்களுக்கு இடையே இருந்த தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தும் இரண்டுமே சிக்கலில் இருந்தன. இணைப்புப் போனால் முதன்மை தன்பாட்டில் ஓடியிருக்க வேண்டும். ஆனால் சேமிப்பு அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டதால், முதன்மைச் சேமிப்பையே சர்வர்களால் எட்ட முடியாமல் போயிற்று. இடர் மேலாண்மை அமைப்பு நின்றது. அது இல்லாமல் வணிகம் நடத்த முடியாது. சென்னை மையத்துக்கு வேலையை மாற்றவும் இல்லை. பிற்பகல் 3.45-க்குத்தான் சந்தை மீண்டும் திறந்தது, 5 மணிவரை நேரம் நீட்டிக்கப்பட்டது. காப்பாற்றுவதற்கென்று வைத்த நகல், ஒத்திசைவு அறுந்த வேளையில் முதன்மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்த கதை இது.

ஒரு மாதத்துக்குள், மார்ச் 22 அன்று, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு பழுதானால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீட்பு மையத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும். தரவு இழப்பின் எல்லை 15 நிமிடம். இந்த எண்கள் நாம் மேலே பிரித்த இரண்டு தாமதங்களோடு நேரடியாகப் பொருந்துகின்றன. 15 நிமிடம் என்பது வந்து சேராத பக்கங்களுக்கான எல்லை. 45 நிமிடத்துக்குள் ஏறாத பக்கங்களை ஏற்றி முடித்து, பயன்பாடுகளையும் எழுப்பி, கதவைத் திறந்துவிட வேண்டும்.

அளவுகோலில் உள்ள பொய்கள்

தாமதத்தை அளப்பது எளிது போலத் தோன்றும். நகல் கடைசியாக ஏற்றிய பதிவின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் போதுமே? அதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, அமைதி. இரவு இரண்டு மணிக்கு யாரும் எதையும் எழுதவில்லை என்றால் கடைசிப் பதிவு பழசாகிக்கொண்டே போகும். நகல் முழுக்கச் சமநிலையில் இருந்தாலும் 'தாமதம் 40 நிமிடம்' என்று திரை அலறும். போஸ்ட்கிரெஸில் இந்தக் கழித்தலை மட்டும் நம்பி எச்சரிக்கை மணி கட்டியவர்கள் பல இரவுகள் வீணாக எழுந்திருப்பார்கள். இதற்கு மருந்து, முதன்மையில் நொடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு அட்டவணை. நாடித்துடிப்பு என்று அதைச் சொல்வார்கள். நகலில் அந்தத் துடிப்பு எவ்வளவு பழசாக இருக்கிறதோ அதுவே உண்மையான தாமதம்.

இரண்டாவது, எதிர்மாறான பொறி. மைசீக்வெல் தரவுத்தளம் காட்டும் 'எத்தனை நொடி பின்னால்' என்ற எண், நகலுக்கு வந்து சேர்ந்த பதிவுகளை வைத்தே கணக்கிடுகிறது. இணைப்பு மெதுவாகிப் பக்கங்கள் வழியில் தேங்கி நின்றால், வந்தவரை ஏற்றி முடித்துவிட்ட நகல் 'பூஜ்யம்' என்று தெம்பாகச் சொல்லும். இழப்பு கூடிக்கொண்டிருக்கும் வேளையில் திரை பச்சையாகவே இருக்கும். ஏற்றும் வேலை நின்றேவிட்டால் எண்ணே வராது. எண் வராததைப் பூஜ்யமாக வரைந்துவிடும் கண்காணிப்பு மென்பொருள் உண்மையைச் சொல்லாது.

தோல் பட்டறைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு எண் வராத திரை புதிதல்ல. பாலாற்றைக் காக்க வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசு மிகுந்த தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் இணையவழிக் கண்காணிப்புக் கருவி வைக்க உத்தரவிட்டது. கருவியின் அளவு நிலையத்தில் பதிவாகும், வாரியத்தின் சர்வருக்கும் போகும். இணைப்பு அறுந்தால் வாரியத் திரையில் கோடு காலியாகும். அந்த வெற்றிடம் பம்பு நின்றதைக் காட்டுகிறதா, கருவி கெட்டதைக் காட்டுகிறதா, அளவுகள் தாமதமாக வரப்போகின்றனவா? மூன்றையும் பிரித்துக் காட்டாத திரையால் நேர்மையாக நடத்துபவருக்கும் தொல்லை, ஆற்றுக்கும் கேடு.

மூன்றாவது, கடிகாரம். தாமதத்தை நொடியில் அளக்க இரண்டு ஊர்க் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். நகலின் கடிகாரம் 2 நொடி மெதுவாக ஓடினால், நடக்காத பதிவை முன்கூட்டியே ஏற்றிவிட்டதுபோல எதிர்மறைத் தாமதம் தெரியும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினிக் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்கச் சொல்கிறது. நேரத்தோடு சேர்த்து, நகல் எத்தனை பைட் பின்னால் நிற்கிறது என்பதையும் அளப்பது நல்லது. பைட் கணக்குக்குக் கடிகாரம் தேவையில்லை.

கோட்டின் வடிவம் சொல்வது

இப்போதைய எண் எவ்வளவு என்பதைவிட, அது வந்த பாதை முக்கியம். தாமதத்தை நாள், வாரம், மாதம் என்று வரைந்து வைத்தால் கோட்டின் வடிவமே நோயைச் சொல்லிவிடும்.

ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெட் புளூ எனப்படும் பதனிட்ட தோலின் இருப்பு, வெட்டும் பிரிவின் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். நாள்தோறும் ஷிஃப்ட் மாறும் வேளையில் தாமதம் சற்று எழுந்து அடங்கினால் அது இயல்பு. மாதக் கடைசியில் சம்பளம் ஓடும்போது பெரிய மேடு வரும். முதன்மையில் நூறு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், ஆனால் போஸ்ட்கிரெஸ் நகலில் ஏற்றும் வேலையை ஒற்றை ஆள்தான் செய்கிறது. அதுவும் இயல்பே, கணினியை அதற்கேற்பத் தேர்ந்தால் போதும்.

கோடு 45 பாகைச் சாய்வில் நேராக ஏறினால் கதை வேறு. ஒவ்வொரு நொடிக்கும் ஒரு நொடி கூடுகிறது என்றால் நகல் மெதுவாகவில்லை, நின்றேவிட்டது. நகலில் யாரோ ஓட்டும் நீண்ட அறிக்கை அதைத் தடுத்து வைத்திருக்கலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 30 நொடிவரை அப்படிப் பொறுத்துவிட்டு அறிக்கையை ரத்துசெய்யும். 'அறிக்கை பாதியில் அறுந்துபோகிறது' என்ற புகாருக்காக அந்த வரம்பை யாராவது எடுத்துவிட்டிருந்தால், ஒரு தணிக்கை அறிக்கை நகலை அரை நாள் கட்டிப்போடும். கோட்டின் அடிமட்டமே வாரா வாரம் மெல்ல உயர்ந்தால், தரவு வளர்ந்துவிட்டது, நகலின் வட்டு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். சராசரியை மட்டும் வரைந்தால் இவை எதுவும் தெரியாது. விபத்து மேட்டின் உச்சியில் நிகழலாம் என்பதால் மோசமான நொடியைக் காட்டும் கோடு வேண்டும்.

எட்டிப்பிடிக்கும் கணக்கு

தாமதம் வந்துவிட்டது, எப்போது தீரும்? நாள்வழி நொடிக்கு 40 மெகாபைட் வேகத்தில் உருவாகிறது, நகலால் 50 மெகாபைட் ஏற்ற முடியும் என்று வைத்துக்கொள்வோம். நகல் அரை மணி நேரம் நின்றுபோனால் தேங்கியது 72,000 மெகாபைட். அதை 50-ஆல் வகுத்து 24 நிமிடம் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. புதிதாகவும் 40 வந்துகொண்டே இருக்கிறது. கடனை அடைக்க மிஞ்சுவது 10 மட்டுமே. 7,200 நொடி, அதாவது 2 மணி நேரம். எழுதும் வேகம் 48-க்கு ஏறினால் அதுவே 10 மணி நேரமாகிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்துக்கும் அதன் வலைப்பின்னல் முனைக்கும் இடையே பராமரிப்பு வேலையால் 43 நொடி தொடர்பு அறுந்தது. தானியங்கி மென்பொருள் மேற்குக் கரை நகல்களை முதன்மையாக உயர்த்தியது. கிழக்கில் மேற்குக்கு வந்து சேராத சில நொடி எழுத்துகள் மீதியிருந்தன. மேற்கிலும் புதிய எழுத்துகள் விழத் தொடங்கின. இரண்டு பேரேடுகள், இரண்டும் உண்மை. சேவை இயல்புக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. மீட்பின்போது நகல்கள் எட்டிப்பிடிக்கும் நேரத்தை நேர்க்கோட்டில் கணித்தார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் விழித்து வேலையைத் தொடங்கவே எழுதும் வேகம் கூடி, கோடு வளைந்து நீண்டுகொண்டே போயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. சுமை ஏறியதால் நகல் பின்தங்கியது. அதற்குத் தேவையான நாள்வழிப் பக்கங்களை முதன்மை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. நகலை முதலிலிருந்து கட்டியெழுப்ப முயன்ற பொறியாளர், நகலில் அழிப்பதாக நினைத்து முதன்மையின் கோப்புகளை அழித்தார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. அன்றாடக் காப்புப் பிரதி, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, 6 மணி நேரம் பழைய ஒரு பிரதிதான் கைகொடுத்தது.

நகல் இருந்தால் காப்புப் பிரதி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தவறாக அழித்தால் அந்த அழிப்பும் அடுத்த நொடியே நகலுக்குப் போய்விடும். அதனால் சிலர் வேண்டுமென்றே தாமதமாக ஓடும் நகல் ஒன்றையும் வைக்கிறார்கள். கிட்லேப் பின்னாளில் 8 மணி நேரம் பின்னால் ஓடும் நகலை வைத்துக்கொண்டது. அங்கே தாமதம் 8 மணி நேரத்திலிருந்து குறைந்தால்தான் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

ஒத்திகையே சான்று

வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நகலிலிருந்து ஒருமுறை வேலை நடத்திப் பார்க்காதவரை மீட்பு நேரம் என்பது ஊகமே. 2024 மார்ச் 2, சனிக்கிழமை. என்.எஸ்.இ.யும் பி.எஸ்.இ.யும் சிறப்பு வணிகம் நடத்தின. காலை 9.15 முதல் 10 வரை முதன்மை மையத்தில். பிறகு 11.30 முதல் 12.30 வரை மீட்பு மையத்தில், உண்மையான பணத்தோடு, உண்மையான ஆர்டர்களோடு. மே 18 அன்று மீண்டும் ஒருமுறை. முதல் நாள் மாலையின் தாமதக் கோடும், மாற்றத்துக்கு ஆன நேரமும், திரும்பி வர ஆன நேரமும் சேர்ந்தால்தான் அந்த நிறுவனத்தின் உண்மையான எண் கிடைக்கும்.

பங்குச்சந்தைக்குச் செபி இருக்கிறது. ஊர் மருத்துவமனைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கல்லூரிக்கும் காலணி ஆலைக்கும் அப்படி யாரும் மணி அடிக்க வரமாட்டார்கள். எனவே உங்கள் அலுவலகத்தில் கணினி பார்ப்பவரிடம் 'பேக்கப் இருக்கா?' என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் நகல் மிக மோசமாகப் பின்தங்கியது எவ்வளவு நேரம்? கடைசியாக நகலிலிருந்து வேலை நடத்தியது எந்தத் தேதியில்? இரண்டுக்கும் எண்ணால் பதில் வந்தால் உங்களிடம் நகல் இருக்கிறது. வராவிட்டால் உங்களிடம் இருப்பது மின்கட்டணம் கட்டும் இன்னொரு கணினி.